வரலாற்று வியூக விளையாட்டுக்குக் கற்பனை உலக மோட் தேர்ந்தெடுப்பது எப்படி: க்ரூசேடர் கிங்ஸ் 3ஐ முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

இடைக்கால அரச வம்சம் ஒன்றைத் தலைமுறை தலைமுறையாக நடத்தும் க்ரூசேடர் கிங்ஸ் 3 என்ற கணினி விளையாட்டில் 867ஆம் ஆண்டிலும் 1066ஆம் ஆண்டிலும் மாறி மாறித் தொடங்கி, அயர்லாந்தின் சிற்றரசன் முதல் பைசாந்தியப் பேரரசன் வரை எல்லா வேடங்களிலும் ஆண்டு முடித்த ஒருவருக்கு, டிராகன்களும் மந்திரவாதிகளும் உலவும் வரைபடத்தில் அதே ஆட்டத்தை ஆடிப் பார்க்கும் ஆசை ஒரு கட்டத்தில் வந்தே தீரும். உடனே ஸ்டீம் விளையாட்டுக் கடையின் மோட் தளமான வொர்க்ஷாப்பைத் திறந்து, அதிகம் பேர் சந்தா செய்த மோட் (ரசிகர்கள் விளையாட்டுக்குச் செய்யும் மாற்றத் தொகுப்பு) எதுவோ அதை இறக்கி, முன்பின் தெரியாத ஐம்பது பெயர்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் திணறிவிட்டு, அழித்துவிட்டுப் பழைய ஐரோப்பாவுக்கே திரும்பிவிடுவோம். இதை நான் மூன்று முறை செய்திருக்கிறேன். மூன்று முறையும் மோடில் குறை இருக்கவில்லை. தேர்ந்தெடுத்த முறைதான் தலைகீழாக இருந்தது.

"எனக்குப் பிடித்த கற்பனை உலகம் எது?" என்று தொடங்குவதுதான் அந்தத் தலைகீழ் முறை. அந்தக் கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். மோட் என்பது வேறொரு விளையாட்டின் எலும்புக்கூட்டின் மேல் போர்த்திய தோல். தோல் எவ்வளவு அழகாக இருந்தாலும், எலும்பு வளையும் திசையில்தான் உடல் வளையும். ஆகவே அந்த எலும்புக்கூட்டில் உங்களுக்கு எந்த மூட்டு பிடிக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் படி: உங்களைக் கட்டிப்போடுவது எது என்று எழுதிப் பாருங்கள்

கடைசியாக நீங்கள் இரவு இரண்டு மணி வரை எழாமல் ஆடிய ஆட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களை எழவிடாமல் செய்தது மகனுக்குப் பெண் தேடியதா, தம்பியின் சதியை முறியடித்ததா, புதிய மதப்பிரிவைத் தோற்றுவித்ததா, இல்லை வரைபடம் முழுவதையும் ஒரே நிறமாக்கியதா? தாள் எடுத்து இரண்டு வரி எழுதினால் போதும். அபத்தமாகத் தோன்றலாம், ஆனால் அந்த இரண்டு வரிதான் பாதி மோடுகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும்.

திருமணம், வாரிசுரிமை, துரோகம் ஆகியவையே உங்கள் விடை என்றால், க்ரூசேடர் கிங்ஸுக்கு வந்த ஏ கேம் ஆஃப் த்ரோன்ஸ் மோட் ஏன் இரண்டாம் பாகத்திலும் மூன்றாம் பாகத்திலும் இவ்வளவு பேரை இழுத்தது என்பது விளங்கும். பிரபுக் குடும்பங்கள், முறைதவறிப் பிறந்த பிள்ளைகள், பணயமாக வளரும் சிறுவர்கள், உரிமை கோரும் போட்டியாளர்கள் ஆகிய அந்த உலகின் அடிப்படைப் பொருள்கள் அனைத்தும் அடிப்படை விளையாட்டிலேயே ஏற்கெனவே இருப்பவை. மோட் உருவாக்கியவர்கள் எலும்பை உடைக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் பாகத்தில் டிராகன்களை முப்பரிமாண உருவத்தோடு கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது மேலதிக விருந்து.

அரசின் நீண்டகால வளர்ச்சியே உங்களை ஈர்க்கிறது, தனிமனிதர்களின் குடும்பக்கதை அலுப்பூட்டுகிறது என்றால், க்ரூசேடர் கிங்ஸை விட்டு, நாடுகளை நடத்தும் வியூக விளையாட்டான யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4 பக்கம் நகர்வது நல்லது. அங்கே அன்பென்னார் என்ற மோட் இருக்கிறது. எந்த நாவலையும் படத்தையும் சாராமல் தானே படைத்துக்கொண்ட உலகம் அது. அடிப்படை விளையாட்டைப் போலவே 1444இல் தொடங்கும் அந்த உலகில், ஓர்க் என்ற அரக்க இனத்தாரின் பெரும் படையெடுப்பால் பாழான எஸ்கான் நிலப்பகுதிக்குள் சாகசக் குழுக்கள் நுழைந்து, நிலத்தை மீட்டு, மெல்ல மெல்ல அரசுகளாக உருமாறுகின்றன. மலைக்குக் கீழே, குள்ளர்களின் சிதைந்த கோட்டைகளைச் சுரங்கம் சுரங்கமாக மீட்கும் ஆட்டம் தனி. குடியேற்றம், நாட்டுருவாக்கம், இலக்கு மரங்கள் ஆகிய அந்த விளையாட்டின் சொந்த உறுப்புகளே இங்கே கற்பனைக் கதையைச் சொல்கின்றன என்பதால் எதுவும் ஒட்டுப்போட்டதாகத் தெரிவதில்லை.

இரண்டாம் படி: எஞ்சின் எதைச் செய்யாது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எஞ்சின் என்பது விளையாட்டை இயக்கும் அடிப்படை நிரல். 2006இல் வெளிவந்த போர்க்கள விளையாட்டான மெடிவல் 2: டோட்டல் வார் இதற்கு நல்ல பாடம். லார்ட் ஆஃப் த ரிங்ஸ் உலகைக் கொண்டு அதற்குச் செய்யப்பட்ட தேர்ட் ஏஜ் மோட் இன்றும் ஆடப்படுகிறது; அதன் மேல் கட்டப்பட்ட டிவைட் அண்ட் காங்கர் என்ற துணை மோட் தனி மோடுக்குரிய பருமனோடு வளர்ந்துவிட்டது. ஆனால் அந்த எஞ்சினில் பறக்கும் படைப்பிரிவு என்ற ஒன்றே கிடையாது. எனவே கழுகும் டிராகனும் வானத்திலிருந்து பாயும் காட்சியை அங்கே தேடிப் பயனில்லை. அதைப் பார்க்க 2016இல் வந்த டோட்டல் வார்: வார்ஹாமர் வரை அந்தத் தொடரே காத்திருந்தது. மெடிவல் 2இல் தரப்புகளின் எண்ணிக்கைக்கு 31 என்றும், படைப்பிரிவு வகைகளுக்கு 500 என்றும் மூல எஞ்சினில் உச்சவரம்பு உண்டு. ரசிகர்கள் செய்த நீட்டிப்புக் கருவிகள் பின்னாளில் சிலவற்றைத் தளர்த்தின; ஆனாலும் அந்த மோடுகளின் உருவத்தைத் தீர்மானித்தவை இந்த வரம்புகள்தான். உங்களுக்குப் பிடித்த சிறு இனக்குழு ஏன் வேறொன்றோடு சேர்த்து ஒரே தரப்பாக்கப்பட்டிருக்கிறது என்று சினந்துகொள்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

க்ரூசேடர் கிங்ஸ் 3இன் வரம்பு வேறு வகை. அங்கே போர்க்களம் கண்ணுக்குத் தெரிவதில்லை, எண்கள் மோதிக்கொள்கின்றன. மந்திரம் என்பது பெரும்பாலும் ஒரு முடிவுப் பொத்தானாகவோ, நிகழ்வுச் சாளரமாகவோ, சதித்திட்டத்தின் ஒரு வகையாகவோதான் வரும். தீப்பந்து பறப்பதைப் பார்க்க வேண்டும் என்பவருக்கு இது ஏமாற்றம். மந்திரம் கற்றதற்காக ஒருவன் தன் குடும்பத்தில் எதை இழந்தான் என்பதை அறிய விரும்புகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறில்லை.

மூன்றாம் படி: சாவு எப்படி நிகழ்கிறது என்று கேளுங்கள்

இந்தக் கேள்வியை வழிகாட்டிகள் பொதுவாக எழுப்புவதில்லை. என் அனுபவத்தில் மிகுந்த பயன் தந்தது இதுதான். க்ரூசேடர் கிங்ஸை ஓட்டும் மோட்டார் மரணம். அரசன் சாகிறான், நிலம் பிள்ளைகளுக்குள் பிரிகிறது, நேற்று வரை அடங்கியிருந்த சிற்றரசர்கள் புதிய மன்னனின் இளமையைப் பார்த்து எழுகிறார்கள். சராசரியாக முப்பது ஆண்டுக்கொருமுறை ஆட்டம் தன்னைத் தானே கலைத்துப் போட்டுக்கொள்கிறது. கற்பனை உலகங்களிலோ சாகாத இனங்கள் மலிந்து கிடக்கின்றன.

சாகாத அரசனை வைத்து ஆடினால் என்ன ஆகும்? ஆண்டுகள் போகப் போக அவனுடைய வாழ்க்கைமுறைத் திறன் மரங்கள் ஒவ்வொன்றாக நிரம்பிவிடும். சிற்றரசர்கள் தலைமுறை தலைமுறையாக மாறிக்கொண்டிருக்க, அவன் மட்டும் அதே முகத்தோடு, சேர்த்துவைத்த செல்வாக்கோடு அமர்ந்திருப்பான். வாரிசு தேட அவசரமில்லை. பிள்ளைகளை வளர்க்கும் கவலை இல்லை. அடிப்படை விளையாட்டின் பாதி வேலைகள் பொருளற்றுப் போகும். லார்ட் ஆஃப் த ரிங்ஸ் உலகைக் க்ரூசேடர் கிங்ஸ் 3க்குக் கொண்டுவரும் ரெல்ம்ஸ் இன் எக்ஸைல் மோடில், சாகாத இனமான எல்ஃப்களின் அரசனைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "ஒன்றும் நடக்கவில்லை" என்று சலித்துக்கொள்பவர்கள் இதைத்தான் அனுபவிக்கிறார்கள். அதே மோடில் மனித அரசன் ஒருவனாகத் தொடங்கினால் மோட்டார் மீண்டும் ஓடத் தொடங்கும்; சாகாத அண்டை அரசன் அப்போது சலிப்பூட்டாமல் அச்சமூட்டுவான்.

சாகாமையை ஆட்டத்தின் நடுவிலேயே வைத்து, அதற்கேற்ற வேறு நெருக்கடியை மோட் உருவாக்கியிருந்தால் அது வேறு கதை. பிரின்சஸ் ஆஃப் டார்க்னெஸ் அப்படிப்பட்டது. இரத்தக் காட்டேரிகள் வரலாற்று வரைபடத்திலேயே நடமாடுகிறார்கள். இயல்பாகப் பிள்ளை பெறுவதற்குப் பதிலாக மனிதர்களைத் தம் இனமாக மாற்றுவதும், பசியைக் கட்டுப்படுத்துவதும், மனிதர்களின் கண்ணில் படாமல் ஒளிவதும் அங்கே வாரிசுச் சண்டையின் இடத்தை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே ஒரு மோடின் அறிமுகப் பக்கத்தில் நெடுநாள் வாழும் இனங்களைக் கண்டால், அவர்களுக்கு இறப்பின் இடத்தில் என்ன வைக்கப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். விடை கிடைக்காவிட்டால் அந்த இனத்தைத் தவிர்த்துவிட்டு மற்றவர்களோடு ஆடுங்கள். மோடையே ஒதுக்க வேண்டியதில்லை.

நான்காம் படி: எவ்வளவு மாற்றம் வேண்டும்

முழு மாற்ற மோடுகள் வரைபடம், மதம், மொழி, பண்பாடு, வம்சம் அனைத்தையும் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதுகின்றன. எல்டர் ஸ்க்ரோல்ஸ் விளையாட்டுகளின் டாம்ரியேல் கண்டத்தைக் கொண்டுவரும் எல்டர் கிங்ஸ் 2, மேலே சொன்ன ரெல்ம்ஸ் இன் எக்ஸைல், தானே படைத்த இருண்ட உலகமான கோட்ஹெர்யா ஆகியவை இவ்வகை. வரலாற்று வரைபடத்தை அப்படியே விட்டுவைத்து அதன் மேல் மாயத்தைத் தூவுபவை மற்றொரு வகை. அடிப்படை விளையாட்டின் வரைபடத்தில் சோழநாடும் இலங்கையும் இருப்பதால், தஞ்சையில் காட்டேரி ஆண்டால் எப்படியிருக்கும் என்று பார்க்கும் குறும்பு இரண்டாம் வகையில் மட்டுமே கைகூடும். முழு மாற்ற மோடில் நம்மூர் காணாமல் போய்விடும்.

புதிதாக வருபவர்களுக்கு இரண்டாம் வகையையே முதலில் பரிந்துரைப்பேன். ஊர்ப்பெயர்கள் தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது அது இல்லாத இடத்தில்தான் புரியும். 1066இல் நார்மண்டி எங்கே, அதன் பிரபு யாரைத் தாக்கப்போகிறான் என்பது நமக்குத் தெரியும். கோட்ஹெர்யாவைத் திறந்ததும் வரும் பெயர்களில் எது பேரரசு, எது பழங்குடி, எது மதம் என்று பிரித்தறியவே ஒரு மாலை நேரம் போய்விடும். அந்த மாலையைச் செலவிட மனமிருந்தால், நூறு மணி நேர ஆட்டத்துக்குப் பிறகும் அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்க முடியாத உலகம் கிடைக்கும். ஏற்கெனவே படித்தும் பார்த்தும் அறிந்த உலகத்தில் அந்த வியப்பு குறைவு. பழக்கத்தின் இதம் அதிகம். இரண்டில் எது வேண்டும் என்பது உங்கள் மனநிலையைப் பொறுத்தது.

ஐந்தாம் படி: மோடின் பக்கத்தை எப்படிப் படிப்பது

படங்களைப் பார்க்காதீர்கள். நல்ல படம் எடுப்பது எளிது. வொர்க்ஷாப் பக்கத்தில் நான் பார்க்கும் வரிசை இது: கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, விளையாட்டின் எந்தப் பதிப்புக்கு என்று விளக்கவுரையில் எழுதியிருக்கிறது, உடன் தேவைப்படும் வேறு மோடுகள் எவை, பிறகு மாற்றக் குறிப்புகள். மாற்றக் குறிப்புகள்தான் உண்மையைச் சொல்லும். "புதிய நிகழ்வுகள் சேர்க்கப்பட்டன" என்று மட்டும் எழுதப்படும் மோடைவிட, "இன்னார் இறந்தபின் வாரிசு தவறாகக் கணக்கிடப்பட்டது, சரிசெய்தோம்" என்று எழுதும் மோடை நான் நம்புவேன். அதன் படைப்பாளிகள் தாங்களே நூறாண்டு ஆடிப் பார்த்திருக்கிறார்கள் என்பது அதில் தெரிகிறது.

லாஞ்சர் (விளையாட்டைத் தொடங்கிவைக்கும் சாளரம்) காட்டும் பதிப்பு எச்சரிக்கையை முழுதாக நம்பவும் வேண்டாம், முழுதாகப் புறக்கணிக்கவும் வேண்டாம். மோடின் விவரக் கோப்பில் ஆதரிக்கப்படும் பதிப்பு என்று ஒரு வரி இருக்கும். அதில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி இட்டால் எச்சரிக்கை வராது. ஆகவே எச்சரிக்கை இல்லாததால் மட்டுமே மோட் பொருந்துகிறது என்று ஆகிவிடாது. 2024 செப்டம்பரில் ரோட்ஸ் டு பவர் விரிவாக்கத்தோடு நிலமற்ற சாகசக்காரராக ஆடும் வசதி வந்தது. 2025 அக்டோபரில் ஆல் அண்டர் ஹெவன் வரைபடத்தைச் சீனா, ஜப்பான் வரை விரித்தது. இத்தகைய பெரிய பேட்ச் (விளையாட்டின் புதுப்பிப்பு) ஒவ்வொன்றுக்கும் பிறகு முழு மாற்ற மோடுகள் தம்மைச் சரிசெய்துகொள்ளச் சில வாரங்களோ மாதங்களோ எடுத்துக்கொள்ளும். விரிவாக்கம் வெளிவந்த வாரத்தில் மோட் தேடக் கிளம்புவது வீண் வேலை.

டிஎல்சி, அதாவது தனியாக விற்கப்படும் விரிவாக்கம் குறித்து ஒரு சொல். க்ரூசேடர் கிங்ஸ் 3இன் பெரிய மோடுகள் பொதுவாக அடிப்படை விளையாட்டிலேயே ஓடும்; ஆனால் விரிவாக்கத்தோடு வரும் வசதிகளை நம்பி எழுதப்பட்ட பகுதிகள் அது இல்லாதவர்களுக்குத் திறக்காது. மெடிவல் 2 மோடுகளில் பெரும்பாலானவற்றுக்கு கிங்டம்ஸ் விரிவாக்கம் கட்டாயம் தேவை. ஸ்டீமில் இப்போது விற்கப்படும் தொகுப்பில் அது சேர்ந்தே வருகிறது.

ஆறாம் படி: பதிப்பைப் பூட்டி வையுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய மோடில் நூற்றைம்பது ஆண்டு ஆட்சி செய்து முடித்திருந்தேன். ஐந்து தலைமுறை. ஒரு வெள்ளிக்கிழமை இரவு மோட் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. சனிக்கிழமை சேவ் கோப்பை (சேமித்துவைத்த ஆட்டத்தை) திறந்தபோது என் தலைநகரம் வேறொரு வம்சத்தின் கையில் இருந்தது, என் மகளின் மதம் வெற்றிடமாக இருந்தது. யாரையும் குறைசொல்ல முடியாது: பழைய சேவ் புதிய பதிப்பில் ஓடாது என்று குறிப்பிலேயே எழுதியிருந்தார்கள். நான்தான் படிக்கவில்லை.

வொர்க்ஷாப் மோடுகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்ளும். அதைத் தவிர்க்க, நீண்ட ஆட்டம் தொடங்குமுன் மோடின் படி ஒன்றை உங்கள் கணினியிலேயே தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீம் நிறுவப்பட்ட இடத்தில் வொர்க்ஷாப் கோப்புறைக்குள், 1158310 என்ற எண்ணுள்ள கோப்புறை க்ரூசேடர் கிங்ஸ் 3க்கு உரியது. அதனுள் ஒவ்வொரு மோடும் தனி எண்ணோடு இருக்கும். வொர்க்ஷாப் பக்கத்தின் முகவரியின் இறுதியில் வருவதும் அதே எண். அந்தக் கோப்புறையை முழுதாகப் படியெடுத்து, டாக்குமென்ட்ஸ் கோப்புறையில் பாரடாக்ஸ் இன்டராக்டிவ், அதற்குள் க்ரூசேடர் கிங்ஸ் 3, அதற்குள் மோட் என்ற இடத்தில் ஒட்டி, உங்களுக்குப் புரியும் பெயர் வையுங்கள். உள்ளே இருக்கும் டிஸ்கிரிப்டர் (விவரக்) கோப்பின் படி ஒன்றை வெளியே அதே மோட் கோப்புறையில், நீங்கள் கோப்புறைக்கு வைத்த அதே பெயரில் வைத்து, நோட்பேடில் திறந்து மூன்று மாற்றங்களைச் செய்யுங்கள்: மோடின் பெயர் வரியில் "பழைய படி" போன்று ஏதாவது சேர்ப்பது, ரிமோட் ஃபைல் ஐடி என்ற வரி இருந்தால் நீக்குவது, கோப்புறை இருக்கும் இடத்தைச் சொல்லும் பாத் வரியை இறுதியில் எழுதுவது. கோப்புக்குள் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். லாஞ்சரை மூடித் திறந்தால் புதிய பெயரோடு அது பட்டியலில் நிற்கும். வொர்க்ஷாப் சந்தாவை விலக்கிக்கொள்ளலாம்.

விளையாட்டின் பதிப்பையும் அதேபோல் நிறுத்திவைக்க வேண்டும். ஸ்டீம் நூலகத்தில் விளையாட்டின் பெயரை வலச்சொடுக்கி, ப்ராபர்ட்டீஸில் பீட்டாஸ் பகுதிக்குப் போனால் பழைய பதிப்புகள் பட்டியலாக வரும். மோட் எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டதோ அதைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அடுத்த பேட்ச் வந்தாலும் உங்கள் ஆட்டம் அசையாது.

ஏழாம் படி: தனி பிளேசெட், குறைந்த மோடுகள்

லாஞ்சரில் புதிய பிளேசெட் (ஒன்றாக இயக்கும் மோடுகளின் பட்டியல்) உருவாக்கி அதில் தேர்ந்தெடுத்த மோடை மட்டும் போடுங்கள். அடிப்படை விளையாட்டுக்கு வைத்திருக்கும் முகஅழகு மோட், வரைபட நிற மோட் எதுவும் உடன் வர வேண்டாம்; முழு மாற்ற மோடுகளோடு அவை மோதும் வாய்ப்பே அதிகம். துணை மோடுகளைச் சேர்ப்பதானால் முதன்மை மோடுக்குக் கீழே வரிசைப்படுத்துங்கள்: பட்டியலில் கீழே இருப்பதே பின்னர் ஏற்றப்பட்டு, மேலே இருப்பதன் கோப்புகளை மாற்றியெழுதும். ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் விளையாட்டைத் திறந்து பார்ப்பது சலிப்பான வேலை. ஐந்தை ஒன்றாகச் சேர்த்து, எது கெடுத்தது என்று தேடுவது அதைவிடச் சலிப்பானது.

எட்டாம் படி: ஆடுவதற்கு முன் வேடிக்கை பாருங்கள்

தொடக்கக் கட்டளையில் டீபக் (பிழை தேடும்) முறையை இயக்கி, கட்டளைச் சாளரத்தில் அப்சர்வ் என்று ஆங்கிலத்தில் தட்டினால் யாராகவும் இல்லாமல் பார்வையாளராக அமரலாம். வேகத்தை ஐந்தில் வைத்து ஐம்பது ஆண்டு ஓடவிட்டு, பத்தாண்டுக்கொருமுறை நிறுத்திப் பாருங்கள். நான் கவனிப்பவை மூன்று. வரைபடம் ஒரே அரசின் நிறமாக மாறுகிறதா. மாறினால் கணினி ஆளும் தரப்புகளின் சமநிலை சரியில்லை. உலகின் மையக் கதை என்று அறிமுகத்தில் சொன்ன போரோ பேரழிவோ உண்மையில் நிகழ்கிறதா, அல்லது ஆடும் மனிதர் தூண்டினால்தான் நிகழுமா. முப்பதாம் ஆண்டில் ஒரு மாதம் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது. கதாபாத்திரங்களின் எண்ணிக்கை ஏற ஏற இந்த விளையாட்டு மந்தமாகும். பெரிய வரைபடமுள்ள மோடில் அது சீக்கிரமே தெரியும். முதல் ஆண்டின் வேகத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது.

விளையாட்டை மூடியதும் லாக்ஸ் கோப்புறையில் எரர் லாக் கோப்பைத் திறந்து பாருங்கள். நல்ல மோடிலும் சில நூறு வரிப் பிழைகள் இருக்கும். அதனால் பதற வேண்டாம். ஒரே வரி ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் கவலைப்படலாம்: ஏதோ ஒரு நிகழ்வு ஒவ்வொரு நாளும் தோற்றுப்போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள், ஆட்டத்தின் வேகமும் அங்கேதான் போகிறது.

இதில் தேறியபின் முதல் ஆட்டத்துக்குப் பேரரசனைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வரைபடத்தின் ஓரத்தில், இரண்டு மூன்று ஊர் மட்டுமே உடைய, வலிமையான ஒருவருக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசனைத் தேர்ந்தெடுங்கள். மேலே இருப்பவர் போருக்கு அழைப்பார், பக்கத்து ஊரார் பெண் கேட்பார், மதகுரு காசு கேட்பார். இருபது ஆண்டுக்குள் அந்த மூலையின் பெயர்கள் எல்லாம் நாக்கில் பழகிவிடும், அதற்குள் கிழவன் இறந்து மகன் பட்டத்துக்கு வந்திருப்பான்.